சொல்லிவிட்டு இறக்குங்கள்

சிமென்ட் தரையில் குப்புறக் கிடக்கிறேன், என் வலது கைக்கு அடியில் ஒரு தலை இருக்கிறது, நீளமான கூந்தல், உடைந்த மூக்குக்கண்ணாடியின் கால் என் விரலைக் குத்துகிறது, யாருடைய தலை என்று தெரியவில்லை, ஆனால் இதை நிமிர விடக்கூடாது, நிமிர்ந்தால் போய்விடும் என்பது மட்டும் உடம்புக்குத் தெரிகிறது, குனி, குனி என்று யாரோ கத்துகிறார்கள், கத்துவது நான்தான், காதுக்குள் அந்த ரீங்காரம், வாயில் மண், காஷ்மீர் மலைப்பாதையின் மண், காலை ஒன்பது மணி வெயில் முன்கண்ணாடியில் மின்னுகிறது, ஸ்டியரிங் என் கையில் இருக்கிறது, பக்கத்தில் சந்திரப்பா உட்கார்ந்து அவித்த முட்டையை உரிக்கிறான், ஹாசன் ஊர்ப் பக்கத்துக் கன்னடக்காரன், பதினோரு வருஷமாக என்னோடு ஒரே பட்டாலியன், உரித்த ஓடுகளை வெளியே எறியாமல் தொப்பிக்குள் சேர்த்துக்கொள்கிறான், முட்டையைப் பாதியாகப் பிட்டு என் பக்கம் நீட்டுகிறான், எதிரே பாதையில் ஒரு முழ நீளத்துக்கு மண்ணின் நிறம் மாறியிருப்பதை நான் பார்க்கிறேன், பார்த்தது கண்ணிலிருந்து வாய்க்கு வரவேண்டும், குனி, இரண்டே எழுத்து, வந்துகொண்டே இருக்கிறது, வந்துசேர்வதற்குள் எல்லாம் வெள்ளையாகிவிட்டது. அண்ணா, விடுங்கண்ணா, மூச்சு முட்டுது என்கிறது கைக்கு அடியில் இருக்கும் தலை, பெண் குரல், சந்திரப்பா இல்லை, மலை இல்லை, இது கோயம்புத்தூர், கணபதியில் ஒரு பம்ப்செட் கம்பெனி, நான் வேலை பார்க்கும் ஸ்டோர்ஸ், கீழே கிடப்பவர் ஸ்டோர்ஸ் இன்சார்ஜ் ஜெசிந்தா மேடம், இருபது அடி தள்ளி, கிரேனிலிருந்து நழுவி விழுந்த இரும்புத் தகடு இன்னும் தரையில் அதிர்ந்துகொண்டிருக்கிறது, சுற்றி முப்பது பேர் நிற்கிறார்கள், ஒருவன் சிரித்துவிட்டு உடனே நிறுத்திக்கொள்கிறான்.

நான் வேலைக்குச் சேர்ந்து ஐந்தாவது வாரம் அது. அதற்கு முன்னால் பதினாறு வருஷம் ராணுவம், கண்ணிவெடி, அதில் சந்திரப்பா செத்தது, என் மண்டையில் இரண்டு ஆபரேஷன், பிறகு மருத்துவக் குழு இனி பணிக்குத் தகுதியில்லை என்று எழுதிக்கொடுத்த தாள், அந்தத் தாளோடு முப்பத்தாறு வயதில் ஊர் திரும்பியிருந்தேன். கை கால் நன்றாக இருந்தது, நடை நன்றாக இருந்தது, முடி வளர்ந்து தையலை மூடிவிட்டது, பார்க்க நன்றாக இருப்பதுதான் என் காயத்தின் பெரிய தொந்தரவு, முடவன் என்றால் நாற்காலி தருவார்கள், எனக்கு எதைத் தருவது என்று யாருக்கும் தெரியாது, எனக்கே தெரியாது. முதலாளி குழந்தைவேலு அய்யா என்னை நிற்கவைத்து மேலும் கீழும் பார்த்து, மிலிட்டரிக்காரருன்னா டைமுன்னா டைமுங்க, எனக்கு அதுதான் வேணும், ஒடம்புக்கு ஒண்ணுமில்லீங்களே தம்பி என்று கேட்டபோது, ஒண்ணுமில்லீங்க, எப்பவாச்சும் தலவலி வரும் என்றேன், சொல்லும்போதே தலை வலித்துக்கொண்டிருந்தது. ஸ்டோர்ஸில் என் மேஜை நடுப்பாதையில், முதுகுக்குப் பின்னால் ஆட்கள் போய்வந்துகொண்டே இருப்பார்கள், தலைக்கு மேலே ஒரு டியூப்லைட் துடித்துக்கொண்டே இருக்கும், ஜெசிந்தா மேடம் வேகமாகப் பேசுவார், அண்ணா, மூணு இஞ்ச் இம்பெல்லர் அம்பது அசெம்பிளிக்கு, சீல் நூறு ரெண்டாவது ஷெட்டுக்கு, பேரிங் ரிட்டர்ன் வந்தா தனியா வைங்க, லாரி பதினொண்ணரைக்கு என்பார், முதல் விஷயத்தைப் பிடித்துக்கொள்வதற்குள் மற்ற மூன்றும் தரையில் சிந்தியிருக்கும், திரும்பக் கேட்க வெட்கம், கேட்காமல் போய் இரண்டரை இஞ்ச்சை எடுத்துக் கொடுத்துவிடுவேன், அப்படி இரண்டு முறை அசெம்பிளியில் வேலை நின்றது, கவனமே இல்லைண்ணா உங்களுக்கு என்று அவர் எல்லோர் முன்னாலும் சொன்னார், இமயமலையில் ராத்திரி பகலாகக் கவனத்தைத் தவிர வேறெதுவும் செய்யாதவனிடம். ஆறு வாரத்துக்குள் ஏதாவது நடக்கும் என்று எனக்குத் தெரிந்துதான் இருந்தது, தகடு விழுந்தது. முதலாளி தன் அறைக்குக் கூப்பிட்டு, என் கண்ணைப் பார்க்காமல், தம்பி, நீங்க கொஞ்ச நாளைக்கு ஊட்ல இருங்க, நானே ஆளு உட்டுச் சொல்லியனுப்பறேன் என்றார், நான் சல்யூட் அடித்துவிட்டேன், பழக்கம், அடித்த பிறகுதான் கையை என்ன செய்வது என்று தெரியாமல் சட்டைப் பொத்தானைத் தடவிக்கொண்டு வெளியே வந்தேன்.

அந்த வாரம் வீட்டில் நான் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தேனா, படுத்திருந்தேனா, ஏழு நாளும் ஒரே நாளாகக் கலந்து கிடக்கிறது, என் மனைவி தெய்வானை வருவாள் போவாள், ஏனுங்க, சாப்புடலாங்களா என்பாள், மகள் பள்ளிக்கூடம் போகும்போது என் கன்னத்தைத் தொட்டுவிட்டுப் போவாள், நான் மலைப்பாதையில் வண்டி ஓட்டிக்கொண்டிருப்பேன். ஞாயிற்றுக்கிழமை காலை வாசலில் ஸ்கூட்டர் நின்றது, ஜெசிந்தா மேடம், சர்ச்சிலிருந்து நேராக வந்திருக்கிறார், புதுக் கண்ணாடி, கையில் ஒரு நோட்டு, வேலை போய்விட்டது என்று சொல்லத்தான் வந்திருக்கிறார் என்று நான் எழுந்து நின்றேன். உக்காருங்கண்ணா என்றார் அவர், எனக்குக் கோவம் இருக்குது, இல்லைன்னு சொல்ல மாட்டேன், முட்டி இன்னும் வலிக்குது, ஆனா ஒரு வாரமா யோசிச்சுப் பாத்தேன், தகடு விழுந்ததைப் பத்தி கம்பெனில ஒருத்தரும் பேசல, நீங்க விழுந்ததைப் பத்தித்தான் எல்லாரும் பேசறாங்க, அது எனக்குச் சரியாப் படல. அங்க மலைல என்ன நடந்துச்சுன்னு கேக்க வரலண்ணா, அது உங்களோடது, உங்களுக்குத் தோணுனா என்னைக்காச்சும் சொல்லுங்க, தோணலைன்னா வேண்டாம், ஸ்டோர்ஸ்ல வேலை பாக்க உங்களுக்கு என்ன வேணும், அத மட்டும் சொல்லுங்க, எழுதிக்கறேன். ஒண்ணும் வேண்டாம் மேடம், நான் நல்லாத்தான் இருக்கேன் என்றேன், அதே பொய், முதலாளியிடம் சொன்ன அதே குரலில்.

அப்போது தெய்வானை சமையலறையிலிருந்து முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள், நான் சொல்லலாமுங்களா என்று என்னைக் கேட்டாள், மேடத்தை அல்ல, என்னை, நான் தலையாட்டியதும் கதவு நிலையில் சாய்ந்து நின்று சொல்ல ஆரம்பித்தாள், குக்கரு வெக்கறப்ப, ஏனுங்க, மூணு விசிலு வருமுங்கன்னு சொல்லீட்டுத்தான் வெப்பனுங்க மேடம், சொல்லீட்டா அவுருக்கு ஒண்ணுமே ஆகறதில்ல, சொல்லாம வந்தாத்தான் தூக்கிப்போடும். கடைக்கு அனுப்புனா ஒரு சாமானத்துக்கு மேல வாயில சொல்றதில்லீங்க, சீட்டுல எழுதிச் சட்டப் பாக்கெட்டுல வெச்சுருவேன். ரெண்டு பேரு ஒரே சமயத்துல பேசுனா அவுருக்கு ரெண்டுமே கேக்காதுங்க, அதனால புள்ளையும் நானும் ஒருத்தர் மாத்தி ஒருத்தருதான் பேசுவோம். மத்தியானம் ஜன்னலச் சாத்தி இருவது நிமிசம் படுக்க வெச்சுட்டா சாயங்காலம் நல்லா இருப்பாரு, இல்லீன்னா கோவம் வரும், அது கோவம் இல்லீங்க, களைப்பு, மண்டை களைச்சுப்போகுது. ஒக்கார்றப்ப முதுகு செவுத்துப் பக்கம் இருக்கோணும், வாசப்படி தெரியோணும். ஜெசிந்தா மேடம் தலை தூக்காமல் எழுதிக்கொண்டிருந்தார், ஏழு மாதம், ஏழு மாதமாக இந்த வீட்டில் நான் குணமாகிக்கொண்டு வருகிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன், வீடுதான் எனக்குத் தகுந்த மாதிரி தன்னை மாற்றிக்கொண்டிருந்தது, நான் வந்த முதல் வாரத்திலேயே கட்டிலைச் சுவரோடு இழுத்துப் போட்டிருந்தது, அந்தச் சீட்டுகள், மகள் அம்மா பேசி முடிக்கும்வரை வாயைப் பொத்திக்கொண்டு காத்திருந்தது, நான் அதை ஏதோ விளையாட்டு என்று நினைத்திருந்தேன். இவ்ளோதானாக்கா என்றார் மேடம். இவ்ளோதானுங்க என்றாள் தெய்வானை, அதைச் சொன்ன பிறகுதான் அவளுக்கு அழுகை வந்தது, காப்பி போடும் சாக்கில் உள்ளே போய்விட்டாள். மேடம் நோட்டை மூடி, இத முதலாளிகிட்ட காட்டலாமாண்ணா, நீங்க வேண்டாம்னா கிழிச்சுப் போட்டுர்றேன் என்றார். இரண்டு நாள் யோசித்தேன். செவ்வாய்க்கிழமை போன் செய்து, காட்டுங்க மேடம், ஆனா நானும் கூட வர்றேன் என்றேன்.

முதலாளி நோட்டை இரண்டு தடவை படித்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், இது கம்பெனியா ஆஸ்பத்திரியா ஜெசிந்தா என்றார், மேடம் அசையவில்லை, இதுல ஒண்ணாச்சும் செய்ய முடியாததுன்னு சொல்லுங்க சார் என்றார், மேஜையைத் தள்ளிப் போடறது, டியூப்லைட்ட மாத்தறது, வாயில சொல்றதுக்குப் பதிலா போர்டுல எழுதறது, கிரேன் இறக்கறதுக்கு முன்னாடி ஒரு சத்தம் குடுக்கறது, இதுல எது சார் ஆஸ்பத்திரி, கிரேன் சத்தம் குடுக்கறது சட்டப்படியே நாம செஞ்சிருக்க வேண்டியது. முதலாளி என் பக்கம் திரும்பினார். சேர்றப்பவே சொல்லியிருக்கலாமில்லீங்க தம்பி. அந்தக் கேள்வி நியாயமாகத்தான் இருந்தது, ஆனாலும் கேட்டுவிட்டேன், சொல்லியிருந்தா என்னை எடுத்திருப்பீங்களா அய்யா. அவர் பேனாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார், வெளியே லேத் ஓடும் சத்தம், யாரோ பேர் சொல்லிக் கூப்பிடும் சத்தம், பேனாவை வைத்துவிட்டு, மாட்டேனுங்க தம்பி என்றார், பொய் சொல்லல, மாட்டேன். அந்த ஒரு வார்த்தைக்காக அவரை எனக்குப் பிடித்துப்போனது, நான் சொன்ன பொய்யும் அவர் சொன்ன உண்மையும் மேஜைமேல் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன. ஒரு மாசம் பாக்கலாம் என்றார்.

அந்த மாதம், இப்போது நினைத்தாலும் ஒரு நீளமான காலைப்பொழுது போலத்தான் இருக்கிறது, என் மேஜை மூலையில், முதுகுக்குச் சுவர், எதிரே வெள்ளைப் பலகை, அதில் ஜெசிந்தா மேடத்தின் கோணல் எழுத்தில் ஒன்று, இரண்டு, மூன்று, முடித்ததை நானே அழிக்கிறேன், அழிக்க அழிக்க உடம்புக்குள் ஏதோ நிமிர்கிறது, பதினொன்றரைக்கு லாரி போன பிறகு அட்டைப்பெட்டிகளுக்குப் பின்னால் விளக்கில்லாத இடத்தில் பதினைந்து நிமிஷம் கண்ணை மூடுகிறேன், கிரேன்காரர் மாரப்பன் மேலேயிருந்து, எறக்கறேனுங்க, எறக்கறேன் என்று ஷெட்டே கேட்கிற மாதிரி கூவுகிறார், பிறகு இரும்பு இறங்குகிறது, இரும்பு இரும்பாகவே இறங்குகிறது, மலையாக இல்லை. மூன்றாவது வாரம், டீ நேரத்தில், லேத்தில் வேலை செய்யும் சௌந்தர், இருபத்தைந்து வயதிருக்கும், சிப்ஸ் பாக்கெட்டில் காற்றை ஊதி என் காதுக்குப் பின்னால் உடைத்தான், தமாஷுக்குத்தான், ஏ மிலிட்டரி என்றான், அடுத்து என்ன நடந்தது என்று எனக்கு வரிசையாக ஞாபகமில்லை, அவன் சட்டைக் கழுத்து என் இடது கையில் இருந்தது, அவன் முதுகு சுவரில் இருந்தது, என் வலது கை மேலே இருந்தது, மேலேயே நின்றது, எப்படி நின்றது என்று தெரியாது, அவன் கண்ணில் ஒரு சின்னப் பயம், அதைப் பார்த்ததும் கையை விட்டுவிட்டு நடந்தேன், கேட்டுக்கு வெளியே வாட்ச்மேன் பெஞ்சில் போய் உட்கார்ந்தேன், ஒரு மாதம் கூட ஆகவில்லை, முடிந்தது, தெய்வானையிடம் இதை எந்த வார்த்தையில் சொல்வது என்று தேடிக்கொண்டிருந்தேன்.

மேடம் வருவார் என்று நினைத்தேன், வந்தது மாரப்பன், ஐம்பது தாண்டிய மனிதர், அதுவரை என்னிடம் பத்து வார்த்தை பேசியிருக்க மாட்டார், இரண்டு டம்ளர் டீயோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார், ஒன்றை என் கையில் வைத்துவிட்டு ரோட்டைப் பார்த்துக்கொண்டே, அன்னிக்குத் தகட்ட நழுவ உட்டது நாந்தானுங்க என்றார். கொக்கிய ரெண்டாந்தடவ பாத்திருக்கோணும், அவசரம், பாக்கல, இன்னும் இருவதடி இந்தப் பக்கம் உழுந்திருந்தா ஜெசிந்தாம்மா இல்லீங்க, ஒருத்தரும் என்னைய ஒண்ணும் கேக்கல, அப்புறம் எல்லாரும் உங்களப் பத்திப் பேசிச் சிரிச்சுட்டிருந்தாங்க, நானும் கூடச் சிரிச்சனுங்க, ஊட்டுக்குப் போயிக் கண்ண மூடுனா அந்தத் தகடு உழுந்துட்டே இருக்குது, இன்னைக்கு வரைக்கும். டீ ஆறிக்கொண்டிருந்தது. எறக்கறேன் எறக்கறேன்னு நான் கத்தறது உங்களுக்காகன்னு எல்லாரும் நெனச்சுட்டு இருக்காங்க, எனக்காகத்தானுங்க கத்தறேன், கத்துனாத்தான் எனக்குக் கை நடுங்காம இருக்குது. அவர் சொல்லி முடித்ததும் நாங்கள் இரண்டு பேரும் பஸ் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தோம், ஒரு பஸ், இன்னொரு பஸ், ராணுவத்தை விட்டு வந்த பிறகு ஒரு மனிதனுக்குப் பக்கத்தில் எதையும் காவல் காக்காமல் நான் உட்கார்ந்திருந்தது அதுதான் முதல் தடவை. உள்ள போலாமுங்களா என்றார் மாரப்பன். போனோம்.

முதலாளி என்னையும் சௌந்தரையும் ஒன்றாக நிற்க வைத்தார், பாக்கெட்ட ஒடச்சது தப்புடா, எழுதிக்கறேன், கை ஓங்குனது தப்புங்க தம்பி, அதையும் எழுதிக்கறேன், ரெண்டு பேரும் போயி வேலையப் பாருங்க என்றார், அவ்வளவுதான், அனுதாபம் இல்லை, பயம் இல்லை, மற்றவனைத் திட்டுகிற மாதிரியே என்னையும் திட்டிவிட்டார், அறையை விட்டு வெளியே வரும்போது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, சௌந்தர் என்னை ஒரு மாதிரி பார்த்தான். பத்து நாள் அவன் முகம் கொடுக்கவில்லை, பதினோராவது நாள் கிரைண்டர் போடுவதற்கு முன்னால், அண்ணா, கிரைண்டர் போடறேன் என்று கத்தினான், மிலிட்டரி என்ற வார்த்தையை விட்டுவிட்டு. அந்த ஒரு மாதம் எப்போது முடிந்தது என்று யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை, பலகையில் அடுத்த மாதத்தின் வேலை எழுதியிருந்தது.

சந்திரப்பாவைப் பற்றி ஜெசிந்தா மேடத்திடம் சொன்னது எட்டு மாதம் கழித்து, ஒரு மத்தியான வேளை, அவர் கேட்கவில்லை, பேரிங் எண்ணிக்கொண்டிருந்தோம், வாய் தானாகத் திறந்துகொண்டது, மண்ணின் நிறம் மாறியிருந்ததைச் சொன்னேன், இரண்டு எழுத்து வந்துசேராமல் போனதைச் சொன்னேன், அன்னிக்கு உங்களக் கீழ தள்ளுனப்ப நான் அவனைத்தான் தள்ளுனேன் மேடம் என்றேன். அவர் எண்ணுவதை நிறுத்தவில்லை, நிறுத்தியிருந்தால் நானும் நிறுத்தியிருப்பேன், கடைசிப் பெட்டியை மூடிய பிறகுதான், அவரு வீட்ல யாரெல்லாம் இருக்காங்கண்ணா என்று கேட்டார். எனக்குத் தெரியும், மனைவி சாவித்ரம்மா, இரண்டு பையன்கள், ஆனால் நான் அவர்களுக்கு ஒரு தடவைகூடப் போன் செய்ததில்லை, என்ன முகத்தோடு செய்வது. அந்த ஞாயிற்றுக்கிழமை செய்தேன், தெய்வானை பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள், எனக்குத் தெரிந்த அரைகுறைக் கன்னடத்தில் என் பேரைச் சொன்னேன், சாவித்ரம்மா என்ன கேட்பாளோ என்று நான் போனை இறுகப் பிடித்திருந்தேன், ஊட்டா ஆய்த்தா என்றாள், சாப்பிட்டாச்சா என்று, அவ்வளவுதான் கேட்டாள், இன்னும் இல்லை என்றேன், போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்து பேசு என்றாள், சாப்பிட்டுவிட்டு வந்து ஒரு மணி நேரம் பேசினோம்.

இதெல்லாம் நேற்று போலவும் இருக்கிறது, வேறு யாருக்கோ நடந்தது போலவும் இருக்கிறது, தலைவலி இன்னும் வருகிறது, சில நாள் ஒரு பொருளின் பெயர் நாக்கு நுனியில் நின்றுகொண்டு மதியம் வரை இறங்காமல் இருக்கிறது, அப்படிப்பட்ட நாளில் பலகையில் ஓரமாக ஒரு கோடு போட்டுவிடுவேன், மேடம் புரிந்துகொண்டு வேலையைக் குறைத்துவிடுவார். போன மாதம் முதலாளி கூப்பிட்டார், அரசூர்ல எனக்குத் தெரிஞ்ச விசாலாட்சியம்மா, மோட்டார் வைண்டிங் யூனிட் வெச்சிருக்காங்க, ராயப்பன்னு ஒருத்தரு, பீரங்கிப் படைல இருந்தவரு, வேலைக்கு வந்தாராம், அந்தம்மாவுக்கு எப்படி வெச்சுக்கறதுன்னு தெரியலையாம், என்னக் கேட்டாங்க, எனக்கென்னங்க தெரியும், நீங்க போயிட்டு வாங்க தம்பி என்றார். ஜெசிந்தா மேடம் எனக்காக ஸ்டோர்ஸில் செய்த மாற்றங்களின் பட்டியலை ஒரு தாளில் அழகாக எழுதிக் கொடுத்தார், சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனேன். சின்ன ஷெட், செம்புக் கம்பிச் சுருள்கள் ஆரஞ்சு நிறத்தில் வரிசையாகத் தொங்கின, பத்துப் பன்னிரண்டு பெண்கள் கம்பி சுற்றிக்கொண்டிருந்தார்கள், விசாலாட்சியம்மா எனக்கு நாற்காலி போட்டார், ராயப்பன் இன்னொரு நாற்காலியில், தேனிப் பக்கத்து மனிதர், என்னைவிட நாலைந்து வயது மூத்தவர், இரண்டு கையையும் முழங்காலில் வைத்துத் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார், அவர் அங்கே இல்லை என்று எனக்குத் தெரிந்தது, எங்கே இருக்கிறார் என்றும் ஓரளவு தெரிந்தது. இவருக்கு என்ன பண்ணோணும்னு நீங்களே ஒரு லிஸ்ட்டுப் போட்டுக் குடுத்தர்றீங்களா, அப்படியே செஞ்சர்றேன் என்றார் விசாலாட்சியம்மா, நல்ல மனசோடுதான் கேட்டார், என் கை பையிலிருந்த தாளுக்குப் போனது, போய் அங்கேயே நின்றது. எங்கிட்ட ஒரு லிஸ்ட்டு இருக்குதுங்கம்மா, ஆனா அது என்னோட மண்டைக்குப் போட்டது, இவருக்குச் சரிப்படுமான்னு தெரியாது, இவரு இங்கதானே உக்காந்திருக்காரு, இவருகிட்டயே கேளுங்க என்றேன்.

அந்த அம்மாள் தயங்கினார், பிறகு நாற்காலியோடு அவர் பக்கம் திரும்பி உட்கார்ந்தார், அண்ணா, உங்களுக்கு இங்க எப்படி இருந்தாத் தோதுப்படும், சொல்லுங்க, எனக்குத் தெரியலீங்க, அதனாலதான் கேக்கறேன் என்றார். நான் எண்ண ஆரம்பித்தேன், பத்து, இருபது, முப்பது, ராயப்பனுக்குப் பதிலாகப் பதில் சொல்ல என் வாய் துடித்தது, சுவரோரம் போடுங்கம்மா, போர்டு வையுங்கம்மா, எல்லாம் எனக்குத் தெரியும், உதட்டைக் கடித்துக்கொண்டேன், தெய்வானை அந்த ஏழு மாதத்தில் இப்படி எத்தனை தடவை கடித்திருப்பாள். ராயப்பன் எழுந்தார். மெதுவாக ஷெட்டின் ஒரு முனையிலிருந்து மறு முனை வரை நடந்தார், ஒவ்வொரு மிஷினுக்குப் பக்கத்திலும் நின்று அதன் சத்தத்தைக் கேட்டார், கூரையைப் பார்த்தார், கதவைப் பார்த்தார், கம்பி சுற்றும் பெண்கள் கையை நிறுத்தாமல் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தார்கள், நான் நினைத்த மூலையைத் தாண்டிப் போய்விட்டார், எனக்கு ஒரு நாளும் பிடிக்காத இடத்தில், திறந்த ஜன்னலுக்கு நேர் எதிரில், போய் நின்றார், ஜன்னலுக்கு வெளியே ஒரு சோளக்காடும் அதற்கு மேல் வானமும் இருந்தது. இங்கிட்டுப் போட்டுக்கிரலாமாங்க, வெளிய தெரிஞ்சுக்கிட்டே இருந்தா எனக்குச் சரியா வந்துரும் என்றார், குரல் கரகரத்தது, நிறைய நாள் பேசாத குரல். தாராளமாப் போட்டுக்கலாமுங்க என்ற விசாலாட்சியம்மா யாரையும் கூப்பிடவில்லை, எழுந்து போய் ஓரமாகக் கிடந்த மேஜையின் ஒரு பக்கத்தைத் தானே பிடித்துக்கொண்டார், அந்தப் பக்கம் புடிங்கண்ணா என்றார், ராயப்பன் இரண்டு கையாலும் மறுபக்கத்தைத் தூக்கினார், நான் உதவிக்குப் போகாமல், அவர்கள் வருகிற வழியை விட்டு ஒதுங்கி நின்றேன்.